பணகுடியில் நின்றவர்கள்

எங்கள் தெருவில் யாரைப் பிடித்துக் கேட்டாலும், பணகுடிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும் ஒரு வேப்பமரத்தைப் பற்றி அச்சுப் பிசகாமல் சொல்வார்கள். மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும் சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்கு அண்டையில் ஒரு காது மடங்கிய செவலை நாய், எதிரே தகரக் கூரை போட்ட பேக்கரி, பேக்கரிக்குப் பின்னால் மலையடிவாரம் வரைக்கும் நின்று சுற்றும் காற்றாலைகள், கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் காற்று எல்லாம் வரிசையாக வரும். பல் முளைக்காத குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. இத்தனைக்கும் அந்த மரத்தடியில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றது ஒரே ஒருத்தி.

அந்த ஒருத்தி அழகுநாச்சி சித்தி. அவளை அங்கே விட்டுவிட்டுப் போனது என் மாமியார் தவமணி. நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்ததே அதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்துத்தான். அப்படியும் அங்கே நின்ற கால்வலி என் காலிலும் இருக்கிறது, என் மாமியார் எப்போது வருவாள் எப்போது வருவாள் என்று பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண் என் முகத்திலும் இருக்கிறது. செய்யாத தப்புக்கு வெட்கப்படுவது எப்படி என்று யாராவது கேட்டால் எங்கள் தெருவுக்கு வரச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லித் தரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு பெரிய தெரு ஒன்றும் இல்லை. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று பேப்பரில் போட்டதும் ஒரு வேனைப் பிடித்து, புளிச்சோற்றுத் தூக்குவாளியும் தட்டையும் அவித்த முட்டையுமாக ஏறிப் போய், அருவியில் குளித்து, திருநெல்வேலியில் காப்பி குடித்து, கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுத் திரும்புவதில் இந்தத் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலைமை என் அத்தை தவமணிதான். வேன் எங்கே நின்று எங்கே கிளம்பினாலும் அவள் படியில் ஏறி நின்று, விரலை நீட்டி, கடைசி சீட்டிலிருந்து முன்சீட்டு வரைக்கும் தலை எண்ணிவிட்டு, "சரியா இருக்கு, எடுப்பா" என்று சொன்னால்தான் டிரைவர் சாவியைத் திருகுவார்.

அந்த வருஷம் குற்றாலத்தில் ஒரு பெரிய பலாப்பழம் வாங்கியிருக்கிறார்கள். முள் குத்தாமல் இருக்க அதற்கு ஒரு துண்டைச் சுற்றி, கடைசி சீட்டில் அழகுநாச்சி சித்திக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். சித்தியைக் கட்டியவன் பம்பாய்க்குப் போனவன் போனவன்தான்; பிள்ளை குட்டி இல்லை; அங்கன்வாடியில் ஆயா வேலை. தனி ஆள் என்பதால் கடைசி சீட்டும் பலாப்பழமும் அவளுக்கு என்று ஆயிற்று. பணகுடியில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ள சித்தி ஆள் கண்ணில் படாமல் பேக்கரிக்குப் பின்னால் ரொம்ப தூரம் போய்விட்டாள். காற்றோ ஆளைத் தள்ளுகிற காற்று, பெண்கள் எல்லோரும் தலைக்கு முந்தானை போட்டு இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எண்ணினாள். துண்டு சுற்றிய பலாப்பழத்தையும் ஒரு தலை என்று எண்ணினாள். சரியாக இருந்தது.

காவல்கிணறு தாண்டுவதற்குள் ஒரு பிரேக்கில் பலாப்பழம் உருண்டு வந்து துண்டு அவிழ்ந்து நடுவில் கிடந்தபோதுதான் ஆள் குறைவது தெரிந்தது. "கொஞ்ச தூரந்தான், திருப்பட்டுமா?" என்று டிரைவர் கேட்டார். அத்தை வெயிலைப் பார்த்தாள். "திரும்பிப் போயிட்டு வந்தா சூரியன் போயிரும்ப்பா. அவ என்ன பச்சப்பிள்ளையா? பஸ் ஏறி வந்துருவா" என்றாள். டெய்லர் சுந்தரபாண்டி மாமா கீழே கிடந்த பலாப்பழத்தைத் தூக்கி மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்து, "இது போதும் மதினி, அழகுநாச்சியவிட இதுதான் இனிப்பு" என்றார். வேன் குலுங்கச் சிரித்தார்கள். அழகுநாச்சிக்காக வாயைத் திறக்க அந்த வேனில் அவளுக்கென்று யாரும் இல்லை, வேன் போய்விட்டது.

ஊருக்கு வந்த பிறகு அத்தை, ராத்திரி பஸ் பிடித்துத் தனியாக வீடு வந்து சேர்ந்திருந்த சித்தியிடம் பாதியைத்தான் சொன்னாள். "பலாப்பழத்த ஆளுன்னு எண்ணிட்டேன்டி, கன்னியாகுமரியில போய் எறங்குனப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் கூடினாலும் அவளே அதை எடுத்து விடுவாள், "என்னையும் பலாப்பழத்தையும் தவமணிக்கு வித்தியாசம் தெரியலையே" என்று. உடனே சுந்தரபாண்டி மாமா ஆரம்பிப்பார், "நீ குடுத்துவைக்கல அழகு, தாம்பாளம் மாதிரி சூரியன், அப்படியே கடல்ல வழுக்கிக்கிட்டுப் போச்சு பாரு" என்று. சித்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தை அப்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அத்தைக்கும் சித்திக்கும் அப்படி ஒரு சிநேகிதம். சாயங்காலம் ஆனால் கீரை ஆய்வதோ உளுந்து புடைப்பதோ, ஒருத்தி இல்லாமல் ஒருத்திக்குக் கை ஓடாது. என் கல்யாணத்துக்கு எனக்குப் புடவை எடுத்ததுகூட இருவரும் சேர்ந்து போய்த்தான்.

சித்தி ஃபிரிட்ஜ் வாங்கிய வருஷம்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. அன்று பணகுடியில் இருட்டிய பிறகு அந்தப் பேக்கரிக்காரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிரீம் பை எடுத்துக் கொடுத்தாளாம். பொரபொரவென்று ஒரு ஓடு, அதற்குள் கட்டியாகக் காய்ச்சிய பால், அதன்மேல் நுரைத்த கிரீம். அந்தப் பயணத்தில் சித்திக்குக் கிடைத்தது அந்த ஒரு துண்டுதான், அதை எப்படிச் செய்வது என்று கேட்டு மனசில் வாங்கி வைத்திருந்தாள், கிரீம் நிற்க ஃபிரிட்ஜ் வேண்டும் என்பதால் இத்தனை வருஷம் பொறுத்திருந்தாள். எங்கள் ஊரில் பாலுக்கா பஞ்சம்? பாலாடையைச் சேர்த்துச் சேர்த்துக் குளிரவைத்து, சீனி போட்டு அடித்து, மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து தட்டில் ஓரம் நிமிர்த்தி, குக்கருக்குள் உப்பைப் பரப்பி அதன்மேல் வைத்துச் சுட்டு, சோளமாவும் முட்டை மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பாலை அதில் ஊற்றி ஆறவைத்து, ஒரு சித்திரை மாசத்து மத்தியானம் வீடு வீடாகத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

தின்றவர்கள் எல்லோருக்கும் பணகுடி ஞாபகம் வந்துவிட்டது.

கனவு மாதிரியெல்லாம் இல்லை. போன வாரம் சந்தைக்குப் போனது ஞாபகம் இருப்பது போல, நேற்று வைத்த குழம்பு ஞாபகம் இருப்பது போல, வெகு சாதாரணமாக வந்தது. நானும் நக்கித் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போனவள், குழாயடியிலேயே நின்றுவிட்டேன். நான் மரத்தடியில் நிற்கிறேன். வேன் போன திசையையே பார்க்கிறேன். நிழல் நகர்ந்துவிட்டது, ஆனால் நானும் நகர்ந்தால் திரும்பி வருகிறவர்கள் கண்ணில் படமாட்டேனே என்று வெயிலிலேயே நிற்கிறேன். மறுபடியும் ஒதுங்கவேண்டும் போல முட்டுகிறது, போகவில்லை. ஒருதடவை போனதால்தானே இப்படி ஆயிற்று. என்னை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. தவமணி எண்ணாமல் கிளம்ப மாட்டாள், கிளம்பியிருந்தாலும் தெரிந்த நிமிஷத்தில் திரும்பியிருப்பாள். இன்னும் வரவில்லை என்றால் வேனுக்கு ஏதோ ஆகிவிட்டது. அப்படித்தான் தோன்றுகிறது. உடனே தெற்கே பார்த்துக் கையெடுத்து, "முருகா, எங்க தெருக்காரங்க எல்லாரும் ஒரு கீறல் இல்லாம வீடு வந்து சேரட்டும், என் முடிய உனக்குத் தந்துர்றேன்" என்று வேண்டிக்கொள்கிறேன்.

வேன் விட்டுவிட்டுப் போன வருஷமே சித்தி திருச்செந்தூருக்குத் தனியாகப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. "என்ன அழகு, பம்பாய்க்காரன் வரணும்னு வேண்டுதலா?" என்று தெருவே கேலி செய்தது. அவள் "ஏதோ ஒண்ணு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். யாருக்காகப் போட்ட மொட்டை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பாலாடை நாக்கில் கரைகிற நேரத்துக்குள்.

ஆச்சரியப்பட்டார்களா என்றால் இல்லை. எங்கள் தெருவுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது. மறுநாள் தண்ணீர் வரும் முறை. டாக்டரிடம் போனவர்களை அவர் சுகர் பார்க்கச் சொன்னார், பார்த்தார்கள், சிலருக்கு இருந்தது, அது வேறு விஷயம். சாயங்காலம் ஆனால் ஆண்களும் பெண்களும் தெருமுனைக்கு வந்து தெற்கே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள், கூட்டத்தைப் பார்த்த மினிபஸ்காரர் அங்கே ஒரு நிறுத்தம் என்று நினைத்து தினமும் நின்று போக ஆரம்பித்தார். இலை அசையாத கோடையில் பெண்கள் முந்தானையைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன டீச்சர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேப்பமரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று காப்பியடித்ததாக முட்டி போடவைத்தார். பலாப்பழ வண்டி தெருவுக்குள் நுழைந்தால் படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன, வண்டிக்காரர் பாவம், தன்மேல் என்ன கோபம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வேனில் போனவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஒரே சாயங்காலம் அவர்களுக்கு இரண்டாக ஞாபகம் இருந்தது: வேனுக்குள் உட்கார்ந்து சிரித்ததும், மரத்தடியில் நின்று வேண்டிக்கொண்டதும். சுந்தரபாண்டி மாமா ஒரு சட்டைக்கு ஒரே பக்கம் இரண்டு கையை வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தாம்பாளச் சூரியன் பேச்சு அதோடு நின்றது. பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி சித்திக்குப் பூக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று தலை கொள்ளாத பூ. "என்னத்துக்கு இப்படி எனக்கு வந்து வந்து பூ வைக்கீங்க? நான் என்ன சமைஞ்ச பிள்ளையா?" என்று அவள் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. தன் கைப்பண்டத்தைத் தானே தின்றால் தன் ஞாபகம்தானே வரும், அது ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

என் அத்தை ஒரு துண்டு தின்றாள். அன்றைக்குக் கோலம் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. "சுகுணா, அவ எங்களுக்காக வேண்டிக்கிட்டு நின்னுருக்காடி" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த வருஷம் வேன் பிடிக்கவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் பிடிக்கவில்லை.

கை மாறினால் ஞாபகமும் மாறும் என்பது சுந்தரபாண்டி மாமா வீட்டில்தான் தெரிந்தது. அவர் மனைவி, சித்தியிடம் பக்குவம் கேட்டுவந்து ஆசையாக ஒரு கிரீம் பை செய்து, காலேஜிலிருந்து வந்த மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். தின்று முடித்ததும் மகளுக்கு வேன் ஞாபகம் வந்துவிட்டது. காவல்கிணறும், டிரைவர் கேட்டதும், அத்தை சொன்னதும், பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னதும், அம்மா சிரித்ததும். "அப்படியாப்பா சொன்ன?" என்று கேட்டவள், அப்படியே ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தெரு கூடிப் பேசிற்று. இனி அழகுநாச்சியைத் தவிர யாரும் அதைச் செய்யக்கூடாது, செய்தாலும் அவள் வாயில் மட்டும் படக்கூடாது. இருபது வருஷத்துக்கு முந்தைய சிரிப்பை ஒளித்துவைக்க ஒரு தெருவே சேர்ந்து பூட்டுப் போட்டது, நானும் அதில் ஒரு கை.

அப்படியிருக்கும்போதுதான் சித்திக்கு அங்கன்வாடியில் வேலை முடிந்தது. தெருவில் அவள் கையால் சோறு வாங்கித் தின்னாத பிள்ளை கிடையாது, ஆகையால் எல்லோருமாகச் சேர்ந்து எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு விழா வைக்கலாம், பட்டுப்புடவை எடுக்கலாம் என்று முடிவாயிற்று. அத்தை போய்ச் சொன்னபோது சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புடவையெல்லாம் எதுக்குடி? எல்லாருக்கும் நாந்தான் கிரீம் பை செஞ்சு குடுக்கேன், எனக்குன்னு ஒருத்தரும் செஞ்சு தரல. ஒன் கைப்பக்குவம் ஊருக்கே தெரியும். நீ ஒண்ணு செஞ்சு தா தவமணி, அது போதும் எனக்கு."

அத்தை வீட்டுக்கு வந்து பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. முட்டை ஆகாது என்று சொல்லிவிடலாம், பால் திரிந்துவிட்டது என்று சொல்லலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சுந்தரபாண்டி மாமாதான் என்னைப் பார்த்தார். "சுகுணா செய்யட்டும் மதினி. அந்தப் பிள்ள அந்த வேன்லயே இல்லையே. அது கையில ஒண்ணும் இருக்காது. நீங்க செஞ்சதுன்னு சொல்லிக் குடுத்துரலாம், அவளும் சந்தோசமாத் தின்னுட்டுப் போவா."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தை எழுந்து படுக்கப் போனாள். விழா அன்று காலையில் நான் மாவைப் பிசைந்து, தட்டில் ஓரம் நிமிர்த்திக்கொண்டிருந்தேன்; இவ்வளவு அக்கறையாக நான் எந்தப் பொய்யையும் சொன்னதில்லை என்று தோன்றியது. அப்போது அத்தை குளித்து, ஈரத்தலையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"தள்ளு" என்றாள்.

"அத்தை, வேண்டாம். சித்தி ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

"தெரியும்டி. அவ இல்லாம சாயங்காலத்த நான் என்ன செய்யப் போறேன்னு ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." நான் பிசைந்த மாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக மாவைக் கொட்டினாள். "அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரு பூராத் தின்னு பாத்தாச்சு. எங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

கிரீமை அடிக்கும்போது பாதி அவள் புடவையில் சிந்திற்று. பிசைந்து வைத்த என் மாவைப் பார்க்கவே கூசியது.

சித்தி முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எல்லோரும் வைத்த பூ, முகமெல்லாம் சிரிப்பு. அத்தை தட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். செய்தது யார் என்பது அவள் புடவையில் காய்ந்திருந்த கிரீமைப் பார்த்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சுந்தரபாண்டி மாமா வாசல் பக்கம் நகர்ந்தார், அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சித்தி ஒரு வாய் எடுத்து வைத்து, "ஆத்தாடி, என்ன ருசி" என்றாள். இரண்டாவது வாய் வைத்தாள். மூன்றாவதை மெதுவாக மென்றாள். அப்புறம் மெல்லுவதை நிறுத்தினாள்.

அவள் கண் எதையோ தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. காவல்கிணற்றைத் தாண்டுகிறாள், சிரிப்பைக் கேட்கிறாள், அந்தச் சிரிப்பில் தானும் சிரிக்கிறாள், என்று எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றுகொண்டிருந்தோம். தட்டில் இருந்த துண்டை அவள் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள். ஓரத்தில் ஒட்டிய கிரீமையும் வழித்தாள். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அத்தையும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"மேகமால்ல இருந்திருக்கு அன்னைக்கு" என்றாள் சித்தி.

அத்தை தலை குனிந்தபடியே, "ஆமாடி" என்றாள்.

"சூரியனே தெரியலையா?"

"தெரியல. கடைசி வரைக்கும் தெரியல."

சுந்தரபாண்டி மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு இது புதுசு. இத்தனை வருஷம் கேட்ட தாம்பாளச் சூரியன் பொய் என்று அந்த நிமிஷம்தான் எனக்கும் தெரிந்தது. சித்தி காலித் தட்டைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை, தெரிந்த ஒரு விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"பணகுடியில நல்லாத் தெரிஞ்சுச்சு தவமணி. காத்தாடிக்கு அங்கிட்டு, மலைக்குப் பின்னால செவசெவன்னு எறங்குச்சு. அப்படி ஒரு செவப்ப அதுக்குப் பெறகு நான் பாக்கவே இல்ல. திரும்பி வந்திருந்தா எல்லாருமாப் பாத்திருக்கலாம்."

முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சூரியன் ஞாபகம் இருந்தது.